பெயரிலிருந்து இறங்கிய சாதி முன்கையில் ஏறுகிறது

முதல் முறை டாட்டூ போடப் போகிறவருக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு போகாதே, முந்தின நாள் குடிக்காதே, எலும்பு மேல் போட்டால் வலி அதிகம், புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல், ஆறும்வரை வெயிலில் காட்டாதே. எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் திருப்பூரிலோ ஈரோட்டிலோ மதுரையிலோ நெல்லையிலோ டாட்டூ கடைக்குள் நுழையும் இளைஞர் எதிர்பார்த்துப் போக வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. கடைக்காரர் நீட்டும் படங்களில் சிவன், சிலுவை, இறகு, அம்மாவின் முகம் எல்லாம் தள்ளி முடித்த பிறகு சாதி வரும். விலைப்பட்டியலோடு வரும்.

நான் டாட்டூவுக்கு எதிரி அல்ல. உடம்பில் கோலம் வரைந்துகொள்வது மனிதர்களின் பழைய ஆசை. என் பாட்டியின் இரண்டு கையிலும் பச்சை இருந்தது. யார் எதை விரும்பிப் போட்டுக்கொண்டாலும் எனக்குப் பிரச்சினை இல்லை, ஒன்றைத் தவிர: நான் இன்ன சாதி, உனக்கு மேலே என்று ஊருக்கு அறிவிக்கும் படம். அதைத் 'தனிப்பட்ட ரசனை' என்று சொல்லிக் கடந்து போகிற முற்போக்காளர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சண்டைதான்.

சனிக்கிழமைச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஊசி

பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காகத் திருப்பூர் ராயபுரத்தில் தங்கியிருக்கிறேன். இந்த ஊரில் காலண்டர் வேறு. மாதம் என்பதே கிடையாது, வாரம்தான். நாள் என்பதும் கிடையாது, ஷிப்ட்தான். 'இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?' என்பதுதான் நலம் விசாரிப்பு. சனிக்கிழமை இரவு கையில் காசு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் கூட்டம், சினிமாவில் கூட்டம், இப்போது டாட்டூ கடையிலும் கூட்டம். ஓவர்லாக் அடிக்கிற பையன், செக்கிங்கில் நிற்கிற பையன், அயர்ன் போடுகிற பையன் என்று எல்லாரும் இருபதைச் சுற்றிய வயது. தேனி, ராமநாதபுரம், திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பக்கத்து கிராமத்திலிருந்து பைக்கில் வருகிற உள்ளூர்க்காரர்கள்.

ஒரு கடையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது அம்மா அப்பா பெயரும் காதலியின் முதலெழுத்தும்தான். சாதிப் படம் கேட்டவர்கள் சிலர் மட்டுமே. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாகிவிடுவேன். ஆனால் அந்தச் சிலருக்காக யாரும் டிசைன் தேட வேண்டியிருக்கவில்லை. கைப்பேசியில் தனி ஃபோல்டரில் தயாராக இருந்தது.

அதில் சாதியின் பெயர் எழுதியிருக்காது. வாள், வில், சிங்கம், புலி, கிரீடம், முறுக்கு மீசை, ஒரு தலைவரின் முகம், இரண்டு வண்ணப் பட்டை, இரண்டு ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது சிங்கம். உள்ளூர்க்காரர் கண்ணுக்கு அது வீட்டு முகவரி. கடைக்காரரிடம் கேட்டேன். "வர்றவங்க கேக்கறதப் போட்டுக் குடுக்கறமுங்க. நாம வேண்டாம்னா பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க. பொழப்பப் பாக்கோணுமில்லீங்க" என்றார். பிழைப்பு என்பது உண்மை. ஆனால் அதே கடையில், பெண்ணின் முகத்தில் போடமாட்டோம், பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் போடமாட்டோம் என்றெல்லாம் அவரே விதி வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்தான் அவர். சாதிக்கு மட்டும் அந்தச் சொல் வரவில்லை.

கொங்குப் பகுதியில் சாதி கேட்பதற்கு ஒரு நாகரிகமான முறை உண்டு. 'தம்பி எந்த ஊருங்க?' என்று தொடங்கும். ஊரைச் சொன்னால் 'ஊர்ல எந்தப் பக்கமுங்க?' என்று வரும். அதற்கும் பதில் சொன்னால் 'அங்க இன்னார் தெரியுமா?' என்று முடியும். அந்த 'ங்க'வில் மரியாதை வழியும். மூன்றாவது கேள்விக்குள் உங்கள் சாதி அவர் கைக்குப் போயிருக்கும். வீடு வாடகைக்குக் கேட்கும்போது, கம்பெனியில் சேரும்போது, ஒரே டேபிளில் சாப்பிட உட்காரும்போது இந்த விசாரணை நடக்கிறது. முன்கையில் சாதிப் படம் உள்ளவர் இந்த மூன்று கேள்விகளையும் மிச்சப்படுத்திவிடுகிறார். கூடவே, அவர் பக்கத்தில் உட்காருகிறவர் மீது நான்காவது கேள்வி ஒன்றையும் ஏவிவிடுகிறார்: 'நான் காட்டிட்டேன், நீ யாரு?'

இதனால்தான் இதைத் தனிப்பட்ட ரசனை என்று என்னால் ஏற்க முடியவில்லை. முதுகில் யாருக்கும் தெரியாமல் யாரும் சாதியைக் குத்திக்கொள்வதில்லை. மற்றவர் கண் படும் இடத்தில்தான் குத்துகிறார்கள். எதிரே இருப்பவர் படிக்க வேண்டும் என்பதற்காகப் போடும் அறிவிப்புப் பலகை அது.

இதில் லாபம் யாருக்கு? ஒரே வரிசையில் இரண்டு டெய்லர்கள். இருவருக்கும் ஒரே பீஸ் ரேட். இருவருக்கும் பிஎஃப் பிடித்தமும் சரியாக இல்லை, போனஸும் ஒழுங்காக இல்லை. ஒருவர் கையில் வாள், இன்னொருவர் முழுக்கைச் சட்டை. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அந்த இரண்டு பேரும் சேர்ந்து கூலி உயர்வு கேட்டுவிடக் கூடாது என்பதில் அக்கறை உள்ளவர்களுக்கு, அந்த வாளைவிட மலிவான காவல்காரன் கிடைக்கமாட்டான். ஆண்ட பரம்பரை என்று குத்திக்கொண்டவனும் அடுத்த சனிக்கிழமை அதே காண்ட்ராக்ட்காரரிடம்தான் கை நீட்டி நிற்கிறான்.

உடம்பு என்னும் ஏடு

டாட்டூ புது நாகரிகம், சாதி பழைய அழுக்கு, இரண்டும் ஏதோ தற்செயலாகச் சந்தித்துக்கொண்டன என்று நினைப்பவர்கள் உண்டு. சந்திப்பு தற்செயலானது அல்ல. இந்த நாட்டில் சாதியும் அதிகாரமும் எப்போதும் உடம்பின் மேல்தான் எழுதியிருக்கின்றன. யார் தோளில் துண்டு போடலாம், யார் காலில் செருப்பு போடலாம், யார் மார்பை மூடலாம் என்பதெல்லாம் எழுத்தறிவில்லாதவரும் படிக்கக்கூடிய சட்டங்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையைப் பல பத்தாண்டுகள் போராடி 1859ல் பெற வேண்டியிருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் பட்டியல் சமூகத்தவர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது என்று போனது அந்தப் பட்டியல். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. துணி என்பது கழற்றிப் போடக்கூடிய டாட்டூதான்.

கழற்ற முடியாததையும் எழுதினார்கள். வெள்ளையர் ஆட்சியில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 1797ல் வங்காளத்தில் விதியாகிய இந்த வழக்கம் 1849ல்தான் ஒழிக்கப்பட்டது. ஆங்கிலேயன் போன பிறகு அரசு திருந்திவிட்டதா? 1993ல் அமிர்தசரஸில் போலீஸ்காரர்கள் நான்கு பெண்களைப் பிடித்து, அவர்கள் நெற்றியில் 'பிக்பாக்கெட்' என்று பொருள்படும் சொல்லைப் பஞ்சாபியில் பச்சை குத்தினார்கள். அந்தப் போலீஸ்காரர்களுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2016ல். தீர்ப்புக்காக அந்தப் பெண்கள் ஏறக்குறைய இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். உடம்பில் எழுதும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் எப்போதும் கேள்வி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் கோயிலுக்குள் விடப்படாத தலித் மக்கள் 1890களில் ராமன் பெயரைத் தங்கள் உடம்பு முழுக்கக் குத்திக்கொண்டார்கள். ராம்நாமிகள் என்று அவர்களுக்குப் பெயர். உன் கோயில் எனக்கு வேண்டாம், என் உடம்பே கோயில் என்று சொன்ன எதிர்ப்பு அது. அந்தக் கடவுளிடம் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் அவர்கள் செய்ததன் பொருள் எனக்குப் புரிகிறது. மேலே இருப்பவன் தன் அதிகாரத்தைக் காட்டக் குத்துவதும், வாசலில் நிறுத்தப்பட்டவன் தன் மனிதத்தன்மையைச் சொல்லக் குத்துவதும் ஒரே மையில் எழுதிய இரண்டு வாக்கியங்கள்.

நம் ஊரில் பச்சை குத்தியவர்கள் யார்? எட்கர் தர்ஸ்டன் 1909ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் குறவர் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திப் பிழைப்பதைப் பார்க்கலாம். அகத்திக் கீரையும் மஞ்சளும் துணியில் சுற்றி எரித்த கரி, தாய்ப்பால், கட்டிய ஊசிகள்: இதுதான் அவர்கள் கடை. கோலமும் தேளும் கிளியும் அவர்கள் கைவண்ணம். மேல்சாதி வீட்டுப் பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்துக் குத்தியவர்தான் அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட முடியாமல் வாசலோடு திரும்பினார். அதே குறவர்களைத்தான் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டு, கைரேகை எடுத்து வைத்துக்கொண்டது. 1871ல் வந்த சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தையும் பிடித்தது. நாடு முழுவதும் 1952ல்தான் தொலைந்தது.

1891ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர், எடிசனின் மின்பேனாவை அடிப்படையாகக் கொண்டு டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த இயந்திரம் நம் ஊருக்கு வந்தபோது தொழில் ஏசி அறைக்குள் போனது. குறத்தியின் கையில் இருந்தவரை அது 'பச்சை', காசு கொடுக்கப் பேரம் பேசும் வேலை. ஏசிக்குள் போனதும் அது 'ஆர்ட்', போடுகிறவர் 'ஆர்ட்டிஸ்ட்'. அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு இந்தக் கடைகளில் எத்தனை நாற்காலி கிடைத்திருக்கிறது? தொழிலைத் தந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, அவர்களை வெளியே நிறுத்திய சாதியை மட்டும் உள்ளே அழைத்து ஆல்பத்தில் வைத்திருக்கிறோம்.

1929ல் இறக்கியது

தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் பெயருக்குப் பின்னால் இருந்ததை வெட்டினார். அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் இந்தத் துணைக்கண்டத்தில் வேறெங்கும் நடக்காத ஒன்று இங்கே நடந்தது: பெயரைக் கேட்டு சாதியைக் கண்டுபிடிக்க முடியாத ஒரு மக்கள்கூட்டம் உருவானது. தில்லியில் கருத்தரங்குக்குப் போனால் 'உங்கள் சர்நேம் என்ன?' என்கிறார்கள். 'அப்பா பெயர்' என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் குழப்பம், செங்கல்பட்டு எனக்குக் கொடுத்த பரிசு.

சாதி ஒழியாமல் பெயர் மட்டும் போய் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயரை வெட்டியவர்கள் நிலத்தை விடவில்லை, பெண்ணைக் கொடுக்கவில்லை, கோயில் சாவியைத் தரவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. சாதியைச் சபையில் சொல்வதற்கு ஒரு கூச்சம் வந்தது. கூச்சம் சின்ன விஷயமில்லை. அந்தக் கூச்சத்தின் நிழலில்தான் எங்களைப் போன்றவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்தோம், வாடகைக்கு வீடு பிடித்தோம், காதலித்தோம். அந்தக் கூச்சத்தைத்தான் இப்போது ஊசி வைத்துத் துளைக்கிறார்கள். பெயரின் வாலிலிருந்து இறக்கிவிட்ட சாதி, கார் கண்ணாடியில் ஏறி, கைக்கயிற்றில் ஏறி, கடைசியாகத் தோலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கயிற்றைப் பற்றி நமக்குத் தெரியும். தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019லேயே பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி, சாதி வண்ணம் பூசிய சைக்கிள் எல்லாவற்றையும் பள்ளிக்குள் தடுக்கப் பரிந்துரைத்தது. இந்துத்துவக் கட்சிக்காரர்கள் அதை மதத்துக்கு எதிரானது என்று கத்தினார்கள். கயிற்றில் கை வைத்தால் யாருக்கு வலிக்கிறது என்று அப்போது தெரிந்தது.

அந்த அறிக்கை பள்ளிக் கேட்டோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பை முடிக்காமல் பனியன் கம்பெனிக்கு வந்த பையனுக்குப் பள்ளியும் இல்லை, அறிக்கையும் இல்லை. கயிறு என்றால் ஒரு நல்ல ஆசிரியர், ஒரு தோழி, ஒரு நாள் மனமாற்றம் போதும், அறுத்துப் போட்டுவிடலாம். டாட்டூவை அறுக்க முடியாது. தோலின் இரண்டாம் அடுக்கில் மை இறங்கியதும் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகை என்று நினைத்து விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டே சாகின்றன. செத்த அணுவிடமிருந்து அடுத்த அணு வாங்கிக்கொள்கிறது. டாட்டூ நிலைத்து நிற்பது இப்படித்தான். சாதி நிலைப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். லேசரில் அழிக்கலாம். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை போக வேண்டும். போட்ட செலவைப் போலப் பல மடங்கு ஆகும். கறுப்பு போகும், பச்சையும் மஞ்சளும் எளிதில் போகாது. பதினெட்டு வயதில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து எடுத்த முடிவை முப்பது வயதில் மாற்றிக்கொள்ள நினைக்கும் ஆளுக்கு நாம் வழியே வைக்கவில்லை.

இந்தக் கொங்கு மண்ணில் அந்த முடிவு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2015ல் கோகுல்ராஜ், ஆதிக்கச் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகத் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டுத் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அந்தக் கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் ஒரு சாதிப் பேரவையின் தலைவர். 2016 மார்ச் 13 அன்று இதே திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், கௌசல்யா உயிர் தப்பினார். 2018ல் அவிநாசி பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். டாட்டூ போட்டவர்கள் எல்லாரும் அரிவாள் தூக்குவார்கள் என்று நான் சொல்லவில்லை. அரிவாள் தூக்குகிறவனுக்குக் கைதட்டும் கூட்டத்துக்கு அது சீருடை என்று சொல்கிறேன்.

சட்டைக்கு உள்ள சோதனை சதைக்கு இல்லை

சாதியை எடுத்துவிட்டாலும் இந்தக் கடைகளில் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அதைத் திருப்பூரிலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சாயத்தைப் பற்றித் திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1994ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடைசெய்தபோது இந்த ஊர் ஆடிப்போனது. 1997ல் இந்தியாவும் 70 அசோ சாயங்களைத் தடைசெய்தது. அன்றிலிருந்து ஐரோப்பியக் குழந்தை போடும் பனியனில் என்ன சாயம் என்று ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் சரக்கு நகராது. சாயக்கழிவால் நொய்யல் செத்துப்போன பிறகு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இங்கேதான்.

தோலுக்கு மேலே போடும் துணிக்கு இவ்வளவு சோதனை. தோலுக்குள்ளே செலுத்தும் மைக்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இங்கே இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டமே இல்லை. யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் மெஷின் வாங்கிக் கடை போடலாம். அதன் விளைவை 2024 டிசம்பரில் திருச்சியில் பார்த்தோம். ஒரு டாட்டூ கடையில் இளைஞர்களின் நாக்கைப் பிளந்து சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் போலீஸ் போய்க் கைது செய்தது, கடைக்கு சீல் வைக்கப்பட்டது. திரும்பப் பயன்படுத்திய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் பரவலாம். டாட்டூ போட்டவரிடம் ஓராண்டுக்கு ரத்தம் எடுக்கக் கூடாது என்று ரத்த வங்கிகளுக்கு விதி இருப்பது இதனால்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போவது உங்கள் உரிமை: ஊசி புதியதா, மை எந்தக் கம்பெனி, கையுறை மாற்றினார்களா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

துணை ராணுவத்துக்கோ ராணுவத்துக்கோ போகும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசியுங்கள். துணை ராணுவத் தேர்வில் சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் டாட்டூ கூடாது. இடது முன்கையின் உட்புறத்தில் அளவோடு இருந்தால் ஏற்பார்கள். வீரப் பரம்பரை என்று வலது கையில் வாளைக் குத்திக்கொண்டவர் அந்த வாளாலேயே உடல் தகுதித் தேர்வில் வெளியேற்றப்படலாம்.

வரும் பதில்கள்

இப்படிப் பேசினால் மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: 'என் உடம்பு, என் உரிமை.' இந்த முழக்கத்தை உருவாக்கியவர்கள் பெண்கள். தங்கள் உடம்பைக் குடும்பமும் சாதியும் மதமும் ஆளக் கூடாது என்று சொல்ல உருவாக்கினார்கள். சாதியின் கொடியை ஏற்றுவதற்கு அதைக் கடன் வாங்குகிறவர்கள், தங்கள் வீட்டுப் பெண் வேறு சாதிக்காரரின் பெயரைக் கையில் குத்திக்கொண்டு வந்தால் 'உன் உடம்பு, உன் உரிமை' என்று சொல்வார்களா? சொல்வார்கள் என்றால் நான் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

இரண்டாம் பதில்: 'நீங்கள் மட்டும் ஜெய்பீம் போடலாமா? அம்பேத்கர் கையெழுத்து போடலாமா?' போடலாம். அம்பேத்கரின் பெயர் யாரையும் கீழே வைக்கவில்லை. அவர் சாதியை ஒழிக்கச் சொன்னார், சாதியில் ஏறச் சொல்லவில்லை. எந்தச் சாதியில் பிறந்தவரும் அந்தக் கையெழுத்தைப் போட்டுக்கொள்ள முடியும். வாளும் கிரீடமும் அப்படியா? இன்னொரு சாதிக்காரர் போட்டால் அடிதடி வரும். இன்னொன்றையும் பாருங்கள், விலையை. 2015 மே மாதம் ஷீரடியில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம், கைப்பேசியில் அம்பேத்கர் பாடலை ரிங்டோனாக வைத்திருந்தது. சாதிப் பெருமையைக் குத்தியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நடக்கிறார். ஜெய்பீம் குத்திய என் நண்பர் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார். இரண்டும் ஒன்றுதான் என்கிறவர் இந்த இரண்டு சட்டைகளுக்கும் பதில் சொல்லட்டும்.

ஆனால் நம் பக்கத்திலும் ஒன்றைப் பேசியாக வேண்டும். பட்டியல் சமூக இளைஞர்களிடமும் உட்சாதி வாளும் உட்சாதிப் புலியும் வந்துவிட்டன. நாங்களும் ஆண்டோம், நாங்களும் அரசர்கள் என்கிறார்கள். அடிக்கப்பட்டவன் நிமிர்ந்து நிற்க ஒரு கதை தேடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அரசன் கதை நம்மை விடுதலை செய்யாது. ஒரு அரசன் இருந்தால் அவனுக்குக் கீழே யாரோ மிதிபட்டிருக்க வேண்டும். அடுக்கடுக்கான ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் தனக்குக் கீழே ஒரு படி இருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கையில் குத்திக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருப் பையன்களிடம் இதை நேரில் சொல்கிறேன், திட்டும் வாங்குகிறேன். இங்கேயும் எழுதுகிறேன்.

மூன்றாம் பதில் முற்போக்காளர்களிடமிருந்து வருவது: 'டாட்டூவெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்? நிலம், கூலி, ஆணவக்கொலைச் சட்டம் என்று எவ்வளவோ இருக்க...' நிலமும் கூலியும் பேசத்தான் வேண்டும். ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும். ஆனால் அந்தக் கோரிக்கைக்குக் கூட்டம் சேர்க்கப் போகும்போது எதிரே வரும் இருபது வயதுப் பையனின் கையைப் பாருங்கள். நாம் அவனிடம் போவதற்கு முன்பே அவனிடம் யாரோ போய்விட்டார்கள். அந்தக் கையைப் படிக்கத் தெரியாத இயக்கம் அவனோடு எப்படிப் பேசும்?

என்ன செய்யலாம்

போலீஸை அனுப்பிச் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லும் ஆள் நானில்லை. அப்படி ஒரு அதிகாரத்தைக் கொடுத்தால் முதலில் யார் கை தூக்கப்படும் என்று நமக்குத் தெரியும். ஏற்கெனவே குத்திக்கொண்டவரைத் துரத்துவதும் வேலை அல்ல. கேட்க வேண்டியவர்களிடம் கேட்கலாம்.

டாட்டூ கலைஞர்களே, 'சாதிப் பெயர், சாதிச் சின்னம் இங்கே போடுவதில்லை' என்று ஒரு பலகை வையுங்கள். டீக்கடையில் 'அரசியல் பேசாதீர்' என்று பலகை வைக்கத் தெரிந்த ஊர் இது. ஒருவர் மட்டும் வைத்தால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள் என்பது உண்மை. ஒரு தெருக் கடைகள் எல்லாம் சேர்ந்து வைத்தால் எங்கே போவார்கள்?

திருப்பூர் மாநகராட்சியும் மாநில சுகாதாரத்துறையும் இந்தக் கடைகளுக்குத் தனி உரிம விதிகள் கொண்டுவரட்டும். ஊசி, மை, கழிவு, வயது ஆகியவற்றோடு சாதிச் சின்னம் கூடாது என்பதும் உரிமத்தின் நிபந்தனையாக இருக்கட்டும். இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். 2025 செப்டம்பரில் உத்தரப் பிரதேச அரசே, நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, வண்டிகளில் சாதிப் பெயர் எழுதத் தடை போட்டது. அடுத்த மாதம் தமிழக அரசு தெருக்களின் பெயரிலிருந்து சாதியை நீக்க ஆணை போட்டது. தெருப் பலகைக்குச் செய்ய முடிந்ததைக் கடைப் பலகைக்கும் செய்யலாம். மனம் மாறி அழிக்க வருகிறவர்களுக்கு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் இலவச லேசர் சிகிச்சை வேண்டும். சாதியைக் கைவிட நினைக்கிறவன் காசில்லாமல் அதைச் சுமக்கக் கூடாது.

தொழிற்சங்கத் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை வாசல்களில் நிற்க உங்களுக்கு நேரம் வேண்டும். கேட் மீட்டிங்குக்கு வராத பையன்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். சம்பளத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் ஒரே பேச்சில் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது.

இதைப் படிக்கும் தம்பி, தங்கச்சி, டாட்டூ போடத்தான் போகிறீர்கள் என்றால் போடுங்கள். பூ போடுங்கள், பூனை போடுங்கள், பிடித்த பாட்டின் முதல் வரியைப் போடுங்கள், காதலிக்கிறவரின் பெயரைத் துணிச்சல் இருந்தால் போடுங்கள். நீங்கள் சம்பாதித்ததை, நீங்கள் தேர்ந்தெடுத்ததை உங்கள் தோலில் வையுங்கள். சாதியை நீங்கள் சம்பாதிக்கவில்லை. பிறக்கும்போது கேட்காமல் உங்கள் மேல் எழுதப்பட்டது அது. அதற்கு மேல் நீங்களே காசு கொடுத்து, வலியும் பொறுத்து இன்னொரு முறை எழுதிக்கொள்ள வேண்டுமா?